பழைய ஸ்டேஷன் வேகனின் வீட்டுப் பராமரிப்பு

ஸ்டேஷன் வேகன் என்பது செடான் காரின் கூரையைப் பின்முனை வரை நீட்டி, டிக்கியையும் ஆட்கள் உட்காரும் இடத்தையும் ஒரே அறையாக்கி, பின்னால் மேல்நோக்கித் திறக்கும் கதவு வைத்த கார். இந்தியாவில் இவ்வகைக் கார்கள் நன்றாக விற்றதே இல்லை. டாடா எஸ்டேட் 1992இல் வந்தது. 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் மாருதி பலேனோ ஆல்டுரா, ஓப்பல் கோர்சா ஸ்விங், ஸ்கோடா ஆக்டேவியா காம்பி முதலியவை வந்து, கொஞ்ச காலம் ஓடி, ஓய்ந்தன. ஓப்பலைக் கொண்டுவந்த ஜெனரல் மோட்டார்ஸ் 2017இல் இந்திய விற்பனையையே நிறுத்திக்கொண்டதால் அதன் உதிரிபாகம் தேடுவது தனிப் பாடு. பெரிய செலவில்லாமல் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளத் தக்கது 2004இல் வெளிவந்த டாடா இண்டிகோ மரீனா. திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம் நிலைமைகளில் இந்த வண்டியைப் பராமரிக்கும் முறையே இங்கு விவரிக்கப்படுகிறது. இதில் பெரும்பகுதி மற்றப் பழைய வேகன்களுக்கும் பொருந்தும்.

மரீனா 1998இல் அறிமுகமான இண்டிகாவின் வழியில் வந்த வண்டி. 1,405 சி.சி. கொண்ட பெட்ரோல், டீசல் இன்ஜின்கள் இரண்டும் அந்தக் குடும்பத்துக்குப் பொதுவானவை. இண்டிகா 2018 வரை தயாரிப்பில் இருந்தது; அதற்குள் தமிழ்நாட்டின் டாக்சி ஸ்டாண்டுகளில் பெரும்பாலானவற்றைப் பிடித்துவிட்டது. ஆகவே கிளட்ச் பிளேட், பிரேக் ஷூ, லோயர் ஆர்ம், வாட்டர் பம்ப் போன்றவற்றுக்குப் பஞ்சமில்லை. இந்த இன்ஜினைக் கழற்றிப் பூட்டிய கை எந்த ஒர்க்‌ஷாப்பிலும் ஒன்றாவது இருக்கும். பின்இருக்கைக்குப் பின்னால் உள்ளவை அப்படியல்ல. டிக்கிக் கதவு, அதன் கண்ணாடி, பீடிங், பின்பக்க ஓரக் கண்ணாடிகள் எல்லாம் மரீனாவுக்கு மட்டுமே உரியவை. விற்ற வண்டி குறைவு என்பதால் கடையில் கிடைப்பதும் அரிது. பழைய மரீனா வாங்குபவர் பானெட்டைத் திறந்து பார்ப்பதற்கு முன் டிக்கியைத் திறந்து பார்க்க வேண்டும். இன்ஜின் போனால் மாற்று உண்டு. பின்கண்ணாடி உடைந்தால் காயலான் கடைகளில்தான் தேட வேண்டும். அங்கே இல்லையென்றால் சென்னை புதுப்பேட்டை வரை போக வேண்டியிருக்கும்.

வெப்பமும் கூலன்டும்

திருச்சியில் ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம். சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து காவிரிப் பாலம் வழியாக ஸ்ரீரங்கம் வரும் வழி தூரம் குறைவு. நெரிசல் நேரத்தில் முதல் கியரிலும் இரண்டாவது கியரிலுமே நகர வேண்டும். காற்றோட்டம் இல்லாத அந்த நகர்வில்தான் வண்டி ஹீட் ஆகும். வேகனில் குளிர வேண்டிய அறை பெரியது, கண்ணாடிப் பரப்பும் அதிகம். ஏ.சி. கூடுதல் நேரம் ஓடுகிறது. அதன் கண்டென்சர் விடும் சூடு நேராக ரேடியேட்டர் மேல் விழுகிறது. ஆகவே பராமரிப்பு கூலன்டிலிருந்து தொடங்க வேண்டும்.

குளிர் உறைவு இல்லாத ஊரில் கூலன்ட் எதற்கு, தண்ணீர் போதாதா என்று கேட்பவர் பலர். போர் தண்ணீரில் உள்ள உப்பு ரேடியேட்டர் குழாய்களில் படிந்து அடைக்கும். அலுமினிய ஹெட்டை அரிக்கும். கூலன்ட் கரைசல் இந்த இரண்டையும் தடுப்பதோடு கொதிநிலையையும் சற்று உயர்த்துகிறது. வடித்த நீரும் கூலன்டும் சம அளவில் கலந்தால் போதும். பாதிக் கூலன்ட் கலந்தே வரும் டப்பாக்களும் உண்டு. அவற்றில் மேலும் தண்ணீர் சேர்க்கக் கூடாது. ரேடியேட்டர் மூடியும் ஒரு பாகம்தான் என்பது பலருக்கு நினைவிருப்பதில்லை. உள்ளே ஏறத்தாழ 1 பார் அழுத்தத்தை அது தாங்கினால் சாதாரணத் தண்ணீரே 120 டிகிரியில்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் அழுத்தம் நிற்காது, தண்ணீர் நூறு டிகிரியிலேயே கொதித்து வெளியேறும். சில நூறு ரூபாய் மூடிக்காக ஹெட் கேஸ்கெட்டே போன வண்டிகள் உண்டு. சூடான இன்ஜினில் இந்த மூடியைத் திறப்பது முகத்தை வேக வைத்துக்கொள்ளும் வழி. மேல் ஹோஸைக் கையால் பிடிக்க முடிகிற அளவுக்கு ஆறிய பிறகே தொட வேண்டும்.

‘நம்ம ஊர் வெயிலுக்குத் தேவையில்லை’ என்று தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிப் போடும் வழக்கம் தமிழ்நாட்டு ஒர்க்‌ஷாப்புகளில் வேரூன்றியது. அது தவறு. வால்வு இல்லாத இன்ஜின் தனக்குரிய சூட்டை எட்ட நேரம் பிடிக்கும். டீசல் கூடுதலாக எரியும், ஆயிலில் கசடு சேரும். சில இன்ஜின்களில் முழுதாகத் திறந்த வால்வே பைபாஸ் வழியை அடைக்கிறது. அத்தகைய இன்ஜினில் வால்வை எடுத்தால் சூடான தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றும். எதற்காகக் கழற்றினார்களோ அதற்கு நேர்மாறான பலன் கிடைக்கும். பழைய வண்டி வாங்கியதும் வால்வு இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. வால்வை வெந்நீர்ப் பாத்திரத்தில் போட்டு, கொதி வருமுன் திறக்கிறதா என்று வீட்டு அடுப்பிலேயே சோதிக்கலாம்.

டைமிங் பெல்ட், எரிபொருள்

இந்தக் குடும்பத்து டீசல் இன்ஜினில் கேம் ஷாஃப்டைச் சுழற்றுவது பல் கொண்ட ரப்பர் பெல்ட். ஓட்டத்தில் அது அறுந்தால் திறந்த வால்வுகளில் பிஸ்டன் மோதி ஹெட் வேலை வந்துவிடும். இத்தகைய பெல்ட்டுகளுக்குத் தயாரிப்பாளர்கள் வழக்கமாக 60,000 முதல் 1,00,000 கிலோமீட்டர் வரை கெடு சொல்வார்கள். உரிய எண் வண்டியின் கையேட்டில் இருக்கும். கிலோமீட்டர் ஆகாவிட்டாலும் வருடம் ஏறினால் ரப்பர் வெடிக்கும். முந்தைய உரிமையாளர் ‘போன வருஷம்தான் மாத்தினேன்’ என்று வாயால் சொன்னதைக் கணக்கில் எடுக்கக் கூடாது. பில் இல்லையென்றால் மாற்றாத பெல்ட் என்றே கொண்டு, டென்ஷனரோடு சேர்த்து மாற்ற வேண்டும். டைமிங் மார்க் சேர்ப்பதில் பழக்கமில்லாதவர் இந்த வேலையை மெக்கானிக்கிடம் விடுவதே சிக்கனம்.

டீசல் ஃபில்டரில் தேங்கும் தண்ணீரை அடிப்பக்கத் திருகு வழியே வடிப்பதும், ஹீட்டர் பிளக்குகளைச் சோதிப்பதும் வீட்டு வேலை. பிந்தைய டைகோர் இன்ஜின் காமன் ரெயில் வகையைச் சேர்ந்தது. அதன் குழாய்களில் ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம் இருக்கும். தோலைத் துளைத்து டீசலை உள்ளே ஏற்றிவிடும். இன்ஜின் ஓடும்போது அவற்றின் நட்டைத் தளர்த்திப் பார்ப்பது பழைய டீசல் வண்டிகளில் பழகிய கைக்கு வரும் ஆசை, ஆனால் இங்கே அது உயிராபத்து. பெட்ரோல் வண்டியாக இருந்தால், 20 விழுக்காடு எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலுக்குத் தாங்கும்படி பழைய ரப்பர் ஹோஸ்களை மாற்றிவிடுவது நல்லது.

பிரேக், சஸ்பென்ஷன்

வேகன் வைத்திருப்பவர் சுமை ஏற்றாமல் இருப்பதில்லை. கல்யாணப் பாத்திரமோ காந்தி மார்க்கெட் வாழைத்தாரோ, எடை முழுதும் பின்அச்சின் மேல்தான் உட்காரும். முன்சக்கரங்களில் டிஸ்க், பின்னால் டிரம் என்ற அமைப்பில், டிரம்முக்குள் இருக்கும் வீல் சிலிண்டர் கசிவதே அடிக்கடி வரும் பழுது. பின்டயரின் உட்புறச் சுவரில் ஈரக்கோடு இறங்கியிருந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. ஆயில் ஊறிய லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி மறுபடி போடுவது வீண். இரு பக்கமும் புது ஷூ போட வேண்டும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுதாக மாற்றத் தக்கது. ஷாக் அப்சார்பர், புஷ், லிங்க் ராட் ஆகியவற்றை இணையாகவே மாற்ற வேண்டும்.

பின்பாதி

வேகனை வேகனாக்குவது பின்கதவு. அதன் ஆயுளைக் குறைப்பதும் அதுவே. கதவைத் தாங்கும் கேஸ் ஷாக் இரண்டும் வெயிலில் சீக்கிரம் பலமிழக்கும். பலமிழந்ததை மூங்கில் கழியால் முட்டுக் கொடுத்து நிறுத்துவது ஊர் வழக்கம். கழி நழுவினால் கனமான கதவு கீழே குனிந்திருப்பவர் பிடரியில்தான் இறங்கும். நீளமும் தாங்கும் விசையும் ஒத்த வேறு காரின் ஷாக்கைப் பொருத்தலாம். விசை, நியூட்டன் கணக்கில் குழாயின் மேலேயே அச்சிட்டிருக்கும்.

கதவுக்குப் போகும் வயர்கள் கீல் அருகே ரப்பர் உறைக்குள் மடிந்து நிமிர்ந்து, ஆண்டுக்கணக்கில் வளைந்து, உள்ளே அறுந்துபோகும். பின்வைப்பர் நிற்பது, நம்பர் பிளேட் விளக்கு அணைந்து எரிவது எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் மூலம் இதுதான். மோட்டார் போய்விட்டது என்று முடிவு கட்டுவதற்குமுன் உறையை உரித்து ஒவ்வொரு வயரையும் இழுத்துப் பார்த்தால், அறுந்தது உறையோடு ரப்பர்போல நீளும். துண்டு வயர் வைத்துப் பற்றவைத்து, மேலே சுருங்கும் டியூப் போட்டால் வேலை முடிந்தது.

பீடிங் சரியில்லாவிட்டால் இரண்டு தொல்லை. ஓடும் வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறைவதால் சைலன்சர் புகை சுழன்று கதவு இடுக்கு வழியே உள்ளே வரும். வாசனை அடிப்பது மட்டுமல்ல, அதில் கார்பன் மோனாக்சைடும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் அதே இடுக்கில் தண்ணீர் இறங்கி ஸ்டெப்னி குழியில் தேங்கும். ஒரு செய்தித்தாள் துண்டைக் கதவுக்கும் சட்டத்துக்கும் இடையே வைத்து மூடி இழுத்தால், இறுக்கமான இடத்தில் வராது, தளர்ந்த இடத்தில் வழுக்கிக்கொண்டு வரும். கதவைச் சுற்றி இப்படிப் பார்த்துக்கொண்டே போனால் கசியும் இடம் அகப்படும். மரீனாவுக்கென்று பீடிங் கிடைக்காதபோது அதே குறுக்களவு கொண்ட ரப்பரை மீட்டர் கணக்கில் வாங்கிப் பொருத்தலாம்; இணைப்பு கதவின் அடிப்பக்கம் வர வேண்டும்.

துருவும் வெல்டிங்கும்

உப்புக் காற்று இல்லாத ஊர் என்பதால் திருச்சி வண்டிகளில் துரு சென்னை, நாகப்பட்டினம் வண்டிகளைவிடக் குறைவு. துரு தங்குவது தண்ணீர் தேங்கும் இடங்களில் மட்டும்: ஸ்டெப்னி குழி, தரை விரிப்பின் அடி, கதவுகளின் அடிமடிப்பு. கதவு அடியில் உள்ள வடிகால் துளைகளைப் பழைய பெயின்ட் வேலையில் பட்டி அடைத்திருக்கும். கம்பியால் குத்தித் திறக்க வேண்டும்.

பொன்மலை ரயில்வே பணிமனை, பெல் கொதிகலன் ஆலை, அதைச் சுற்றித் துவாக்குடியிலும் அரியமங்கலத்திலும் வளர்ந்த பட்டறைகள் ஆகியவற்றால் லேத், வெல்டிங் திறமையில் திருச்சிக்கு ஈடு குறைவு. கிடைக்காத புஷ் ஒன்றைக் கடைந்து வாங்குவது இங்கே எளிது. ஆனால் கொதிகலன் தகடு ஒட்டும் கை வேறு, கார் தகடு ஒட்டும் கை வேறு. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த பாடித் தகட்டில் ஆர்க் வெல்டிங் வைத்தால் ஒட்டுவதற்குமுன் ஓட்டை விழும். கேஸ் அல்லது மிக் வெல்டிங் தெரிந்த டிங்கரிடமே போக வேண்டும். வெல்டிங்குக்கு முன் பேட்டரி வயரைக் கழற்றிவிட வேண்டும். ஸ்டியரிங், சஸ்பென்ஷன் கைகளில் வெல்டிங் கூடவே கூடாது, எவ்வளவு நல்ல வெல்டராக இருந்தாலும்.

வேலை செய்யும் இடம்

ஸ்ரீரங்கத்தின் உத்தர வீதி, சித்திரை வீதி வீடுகள் அகலம் குறைந்து பின்னோக்கி நீண்டவை. கார் ஷெட்டுக்கு இடம் வைத்துக் கட்டியவை அல்ல. வண்டி பெரும்பாலும் தெருவிலேயே நிற்கிறது, தேர் வரும் நாட்களில் அங்கிருந்தும் கிளம்ப வேண்டும். ஆகவே பிரித்துப் போட்டால் ஒரே நாளில் முடியாத எந்த வேலையையும் தெருவில் தொடங்கக் கூடாது. சாக்கடைப் பக்கம் சரிந்த தரையில் ஜாக்கி போடுவதும் தவறு. ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே. வண்டிக்கு அடியில் நுழைய இரும்பு ஸ்டாண்டு வேண்டும். ஹாலோ பிளாக் கல் முன்னறிவிப்பின்றி நொறுங்கும்.

நின்றே கிடக்கும் வண்டியில் எலி வயரைக் கடிக்கும். வாரம் ஒருமுறையாவது பானெட்டைத் திறந்து பார்த்து, வண்டியை ஓட்டுவதைவிட நல்ல மருந்து இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் பிரஷர் பம்ப்பால் இன்ஜினைக் கழுவி, ஆல்டர்னேட்டரில் தண்ணீர் ஏற்றி, பூஜையன்று ஸ்டார்ட் ஆகாமல் நிற்கும் வண்டி தெருவுக்கு ஒன்று இருக்கும். ஈரத் துணியால் துடைப்பதே போதும்.

கழித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. 2016ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளின் கீழ் அது அபாயக் கழிவு. பழைய கேனில் பிடித்து, கழிவு ஆயில் சேர்த்து அனுப்பும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடலாம்.

ஆவணங்கள்

சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர் படிவம் 25 கொடுத்து, வண்டியை நேரில் காட்டி, ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் 1 முதல் காருக்கு இதன் கட்டணம் 5,000 ரூபாய். 20 ஆண்டு கடந்த கார்களுக்கு 2025இல் 10,000 ரூபாயாக உயர்ந்தது. தமிழ்நாட்டில் பசுமை வரியும் சேரும். ஸ்ரீரங்கம் வண்டிகள் டி.என். 48 என்ற எண் வரிசையில் பதிவாகின்றன. பழைய டீசல் கார்களுக்கு டெல்லி வட்டாரத்தில் உள்ள தடை இங்கே இல்லை என்பதால் அங்கிருந்து மலிவாக வண்டிகள் வருவதுண்டு. அப்படி வாங்குவோர் தடையில்லாச் சான்று, இங்கே கட்ட வேண்டிய சாலை வரி, புது எண் ஆகியவற்றின் செலவை விலையோடு கூட்டிப் பார்த்த பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும்.