புள்ளிப் பசு டாக்டர்

பழவேற்காட்டில் டச்சுக் கல்லறைக்குள் நுழையும்போது யாருக்குமே ஒரு விநாடி கால் தயங்கும். வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள்! உள்ளே, 17-ம் நூற்றாண்டில் இங்கே வியாபாரம் பண்ண வந்து, ஊர் திரும்பாமலேயே போய்ச்சேர்ந்த ஹாலந்துக்காரர்கள்.

வெளியே வந்து டீக்கடையில் உட்கார்ந்தேன். ஏரியில் என்னைப் படகில் சுற்றிக் காட்டியவர் மெதுவாக ஆரம்பித்தார். ‘‘எங்க அண்ணன் பொண்ணுக்குத் தை மாசம் கல்யாணம் சார். உடம்பு இளைக்கணும்னு க்ரீன் டீ மாத்திரை சாப்பிடுது. காலையில வெறும் வயித்துல ரெண்டு. இலைதானே சார், என்ன பண்ணிடப்போகுது?’’

இந்தக் கேள்விக்கு வயசு முந்நூறு வருஷத்துக்கு மேல். அதைக் கிளப்பிவிட்டதில், சற்று முன் நான் பார்த்த கல்லறைக்காரர்களின் கம்பெனிக்கும் பங்கு உண்டு.

1610-ல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி விஜயநகர மன்னரிடம் அனுமதி வாங்கிப் பழவேற்காட்டில் கடை விரித்தது. 1613-ல் கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. இங்கே துணி வாங்கு, ஜாவா பக்கம் கொண்டுபோய் மிளகு, கிராம்புக்கு மாற்று... இதுதான் கணக்கு. அதே 1610 வாக்கில்தான் அதே கம்பெனி ஐரோப்பாவுக்கு முதல் தேயிலைச் சரக்கையும் ஏற்றிச் சென்றது. சீனாவின் ஃபூஜியன் கடற்கரையில் அதற்குப் பெயர் ‘தே’. நம்முடைய தேயிலையில் இருப்பதும் அதே ‘தே’தான்!

சரக்கு வந்துவிட்டது. குடிக்க ஆள் வேண்டுமே? 1670-களில் கிளம்பினார் டாக்டர் கார்னெலிஸ் பான்டெகூ. இயற்பெயர் டெக்கர். ‘பான்டெகூ’ என்றால் டச்சு மொழியில் புள்ளிப் பசு. அப்பாவின் வீட்டுப் பலகையில் இருந்த படம் பிள்ளைக்குப் பெயராக ஒட்டிக்கொண்டது. தேநீர் எல்லா நோயையும் விரட்டும் என்று புத்தகமே எழுதினார். தினம் பத்து கோப்பையில் ஆரம்பிக்கலாம். ஐம்பது, நூறு, இருநூறு வரை போனாலும் தப்பில்லையாம்! கம்பெனி அவருக்குக் காசு கொடுத்தது என்று ஊரில் பேச்சு. நிரூபணமானதில்லை.

நல்லவேளை, அவர் பேச்சைக் கேட்டவர்களைத் தண்ணீரே காப்பாற்றியது. பத்தாவது கோப்பையிலேயே வயிறு ‘போதும்டா சாமி’ என்றுவிடும். மாத்திரையில் அந்தத் தண்ணீர் இல்லை. அங்கேதான் வம்பு.

பச்சைத் தேயிலையின் முக்கியச் சத்து ஈ.ஜி.சி.ஜி. ஒரு கோப்பையில் சுமாராக 50 முதல் 100 மில்லிகிராம் இருக்கும். அதைச் சாறாக இறக்கிச் சுண்டவைத்தால், பல கோப்பைச் சரக்கு ரெண்டு மாத்திரைக்குள் அடங்கிவிடுகிறது. வெறும் வயிற்றில் விழுங்கினால் ரத்தத்தில் இன்னும் அதிகமாக ஏறும். குடல் உறிஞ்சியதெல்லாம் முதலில் போய் நிற்கும் இடம், கல்லீரல்.

2003-ல் பிரான்ஸிலும் ஸ்பெயினிலும் ‘எக்ஸோலீஸ்’ என்ற இளைப்பு மாத்திரை, கல்லீரல் பாதிப்புப் புகார்களால் விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது. அதுவும் பச்சைத் தேயிலைச் சாறுதான். 2018-ல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஆராய்ந்து, தேநீராகக் குடிப்பதில் பொதுவாகப் பயமில்லை, மாத்திரையாக ஒரு நாளைக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ போனால் கல்லீரலுக்கு ஆபத்து வரலாம் என்றது. 2022-ல் அது சட்டமானது. 18 வயசுக்குக் கீழே, கர்ப்பிணி, பால் கொடுக்கும் தாய் சாப்பிடக்கூடாது, வெறும் வயிற்றில் கூடவே கூடாது என்று அங்கே டப்பாவில் அச்சடித்தாக வேண்டும்.

சரி, 800-க்குக் கீழே நிம்மதியா? அதுவும் இல்லை. ஒரு குறிப்பிட்ட சாற்றில் 375 மில்லிகிராமிலேயே சிலருக்குப் பாதிப்பு வந்தது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு ஒரே மரபணு வகை இருந்ததை 2020-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். நமக்கு அது இருக்கிறதா என்று யார் சோதித்துப் பார்த்துவிட்டு மாத்திரை வாங்குகிறார்கள்?

படகுக்காரரிடம் இவ்வளவும் சொல்லவில்லை. ‘‘மாத்திரையை நிறுத்தச் சொல்லுங்க. அசதி, பசியில்லாம இருக்கிறது, மூத்திரம் கறுத்துப்போறது, கண்ணு மஞ்சளாகிறது... எது இருந்தாலும் உடனே டாக்டர்கிட்ட போகணும். அந்த டப்பாவையும் கையோட எடுத்துட்டுப் போகணும்’’ என்றேன்.

‘‘டப்பா எதுக்கு சார்?’’

‘‘வேற ஏதாவது மருந்து சாப்பிடுறியாம்மான்னு டாக்டர் கேட்பாரு. இல்லைன்னுதான் சொல்லும். இலைதானேன்னு நீங்களே சொல்றீங்களே!’’