எழுத்தும் ஓசையும்: பம்பாய் யூதரின் வழிபாட்டுக் கல்வி

கொங்கணக் கடற்கரையில் எண்ணெய் ஆட்டிப் பிழைத்த பெனே இஸ்ரவேல் யூதர், ஓய்வுநாளையும் விருத்தசேதனத்தையும் காத்துவந்தனர். எபிரெய மொழியையோ மறந்திருந்தனர். உபாகமம் 6:4-இல் காணும் 'ஷெமா' என்னும் அறிக்கை மட்டுமே அவர்தம் நாவில் எஞ்சிற்று. 1796-இல் சாமுவேல் எசேக்கியேல் திவேகர் அவர்களுக்குப் பம்பாயில் முதல் ஜெப ஆலயத்தை எழுப்பினார். ஆனால் வழிபாட்டை நடத்துவோர் யார்? கொச்சி யூதர் அங்குச் சென்று, ஜெபங்களையும் அவற்றிற்குரிய இராகங்களையும் கற்பித்தனர்.

1832-இல் ஸ்காத்லாந்து மிஷனெரியான அருள்திரு ஜான் வில்சன், மராத்தியில் எபிரெய இலக்கணம் ஒன்றை வெளியிட்டார். அது எழுத்தைக் கற்பித்தது. ஆனால் ஆலயத்தில் வாசிக்கப்படும் தோராச் சுருளில் உயிர்க்குறிகளும் இல்லை, இசைக்குறிகளும் இல்லை. எங்கே நிறுத்துவது, எங்கே குரலை உயர்த்துவது என்பவற்றை மாணவன் ஆசிரியரின் வாயிலிருந்தே கேட்டு மனனம் செய்யவேண்டும்.

நாம் வகுப்பில் கையாளும் எபிரெய வேதாகமத்திலோ, மசோரெத்தியர் இட்ட இசைக்குறிகள் அச்சாகியுள்ளன. அவற்றைக் கவனியாமல் நாம் கடந்துசெல்கிறோம். ஏசாயா 40:3-இல் 'வனாந்தரத்திலே' என்பது கூப்பிடும் குரலைச் சாராமல் வழியை ஆயத்தப்படுத்துதலைச் சாரும் என்று காட்டுபவை அக்குறிகளே. ஆகவே இராகம் அலங்காரமன்று. அதுவே வியாக்கியானத்தின் தொடக்கம். திருமறையை உரக்க வாசிக்கும் ஊழியர் இதை மறவாதிருத்தல் நலம்.