தருமியும் ஜில் ஜில் ரமாமணியும்

எங்கள் வீட்டில் அப்பா நாகேஷ் கட்சி. அப்பாவின் அக்கா, என் அத்தை, மனோரமா கட்சி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டிவியில் பழைய படம் முடிந்த கையோடு வழக்கு ஆரம்பித்துவிடும். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, 'திருவிளையாடல்' தருமி புலம்பும் இடத்தை நடித்தே காட்டுவார். 'காதலிக்க நேரமில்லை'யில் செல்லப்பா தன் அப்பா பாலையாவுக்குத் திகில் கதை சொல்லும் இடம் வந்தால் சத்தங்கள் அத்தனையையும் வாயாலேயே போடுவார். அத்தை எல்லாவற்றையும் வாய்விட்டுச் சிரித்துக் கேட்டுவிட்டு, கடைசியில் ஒன்றே ஒன்று சொல்வார்: "ஆயிரம் படம்டா தம்பி. கின்னஸ்லயே போட்டிருக்கான்." அதற்கு மேல் அவரிடம் வாதம் இருக்காது.

சின்ன வயதில் எனக்கு அத்தை தோற்றுவிட்டதாகவே தோன்றும். அப்பாவின் கையில் காட்சிகள் இருந்தன. அத்தையின் கையில் ஒரு எண் மட்டும் இருந்தது. பிறகு எத்தனையோ ரசிகர்களோடு பேசிப் பார்த்துவிட்டேன். எங்கள் வீட்டு வழக்குதான் ஊர் முழுக்க நடக்கிறது. நாகேஷ் என்றால் காட்சியைச் சொல்கிறார்கள். மனோரமா என்றால் கணக்கைச் சொல்கிறார்கள்: ஆயிரத்துக்கும் மேல் படங்கள், மேடையிலும் திரையிலுமாக ஐந்து முதல்வர்களோடு பணியாற்றியவர். இரண்டும் பெருமைதான். ஆனால் அந்தக் கணக்கு அவருடைய நடிப்பின் மேல் போர்த்திய பொன்னாடை மாதிரி ஆகிவிட்டது. மரியாதை செய்தபடியே ஆளை மூடிவிட்டது.

இருவரும் ஏறக்குறைய ஒரே காலத்தில் திரைக்கு வந்தவர்கள். நாகேஷ் 1933-இல் தாராபுரத்தில் பிறந்தார். ரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்த்துக்கொண்டே நாடகம் போட்டவர். ஒரு நாடகத்தில் வயிற்று வலிக்காரனாகச் சில நிமிடம் வந்து துடித்துவிட்டுப் போனதைப் பார்த்து, தலைமை தாங்க வந்த எம்.ஜி.ஆர். மேடையிலேயே பாராட்டினார். மனோரமா 1937-இல் மன்னார்குடியில் பிறந்து, காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூரில் வளர்ந்தவர். 'பள்ளத்தூர் பாப்பா' என்று பெயர் வாங்கி, குடும்பத்தைக் காப்பாற்ற நாடக மேடை ஏறியவர். அவரை 1958-இல் 'மாலையிட்ட மங்கை'யில் நகைச்சுவை வேடத்தோடு திரைக்குக் கொண்டுவந்தவர் கண்ணதாசன்.

நாகேஷுக்கு உடம்புதான் வாத்தியம். அம்மைத் தழும்பு விழுந்த முகம், ஒட்டிய கன்னம், குச்சி மாதிரி கை கால். அன்றைய கதாநாயக இலக்கணத்துக்கு ஒன்றும் பொருந்தாது. அந்த உடம்பை அவர் வளைத்த வளைப்பில் மற்றவர்கள் கல்லாய் நிற்பதுபோல் தெரிந்தார்கள். ஆனால் 1965-இல் வந்த 'திருவிளையாடல்' தருமியை இன்று பார்த்தாலும் என்னைப் பிடித்து நிறுத்துவது அந்த வளைப்பு அல்ல. பரிசுக்காகத் தருமி கொண்டுவந்த பாட்டில் பொருட்குற்றம் என்று நக்கீரர் சொன்னதும், பிழை எவ்வளவோ அவ்வளவைப் பரிசில் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள் என்று கேட்கிறாரே, அந்த இடம். தமிழ்ச் சங்கத்து அவையில் நின்று மளிகைக் கடையில் பேரம் பேசுவதுபோல் பேசுகிறான் ஒருவன். கவிதையின் மானம் அவனுக்கு முக்கியமில்லை, வீட்டில் அடுப்பெரிய வேண்டும். அரங்கம் சிரித்தது. சிரிப்புக்கு அடியில் இருந்தது பசி. வறுமையை அழாமல் காட்டிய காட்சி தமிழில் இதைவிடப் பெரிதாக இல்லை என்பது என் தீர்மானம். தருமி புலம்பும் காட்சியிலோ எதிரே நிற்பவர் சிவாஜி. அவர் சிவபெருமான் வேடத்தில் நின்றும் நம் கண் தருமியைவிட்டு நகர்வதில்லை.

மனோரமாவுக்குக் காதுதான் மூலதனம். ஊர் ஊராக நாடகம் போட்டவர் ஊர் ஊராகப் பேச்சையும் கேட்டு வைத்திருந்தார். 1967-இல் 'அனுபவி ராஜா அனுபவி'யில் நாகேஷோடு ஜோடி சேர்ந்து தூத்துக்குடிப் பேச்சில் கலகலத்தவர், மறு வருடம் 'பொம்மலாட்ட'த்தில் மெட்ராஸ் பாஷைப் பாட்டைத் தன் சொந்தக் குரலில் பாடினார். 'சின்னக் கவுண்ட'ரில் தூக்கலான பல்லை மாட்டிக்கொண்டு கொங்கு நாட்டுத் தாயாக வந்தார். வேறொருவர் செய்திருந்தால் அது வட்டார வழக்கைக் கிண்டல் செய்வதாக முடிந்திருக்கும். மனோரமாவின் பேச்சில் அந்தந்த ஊர்க்காரர்கள் தங்கள் சின்னம்மாவை, பக்கத்து வீட்டு அக்காவைக் கேட்டார்கள். இதற்கு எண்ணிக்கை போதாது, தனித் திறமை வேண்டும்.

இருவரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரே ஒரு படம் போதும் என்றால் நான் 'தில்லானா மோகனாம்பா'ளைச் சொல்வேன். கொத்தமங்கலம் சுப்பு 'ஆனந்த விகட'னில் எழுதிய தொடரை ஏ.பி.நாகராஜன் 1968-இல் படமாக்கினார். எத்தனையோ படங்களில் ஜோடியாக வந்த இருவரும் இதில் ஜோடியில்லை. நாகேஷ், பணக்காரர்களை நாட்டியக்காரி மோகனாவின் வீட்டு வாசலுக்குக் கூட்டி வரும் சவடால் வைத்தி. மனோரமா, நாடகக்காரி ஜில் ஜில் ரமாமணி. இணையாத இந்தப் படத்தில்தான் இருவரும் உச்சத்தில் இருக்கிறார்கள்.

வைத்தி செய்வது படுபாதகம். ஒரு பெண்ணை விலைபேசித் திரிகிறவன். ஆனால் பெரிய மனிதர்கள் முன்னால் குழையும்போது அவன் உயரமே குறைந்துபோகிறது. அவர்கள் நகர்ந்ததும் நிமிர்கிறது. இந்த ஏற்ற இறக்கத்தில் ஒரு தரகனின் முழுப் பிழைப்பையும் நாகேஷ் காட்டிவிடுகிறார். அவனை வெறுக்க முடியவில்லையே என்று நமக்கே கூச்சமாக இருக்கிறது.

ரமாமணிக்கு வருவோம். மினுக்கும் தளுக்குமாகப் பேச்சை இழுத்துக்கொண்டு வரும் அந்த நாடகக்காரி, நாயனக்காரர் சிக்கல் சண்முகசுந்தரத்திடம் ஒரு சந்தேகம் கேட்கிறாள். எல்லா நாயனத்திலும் இப்படித்தான் சத்தம் வருமா, இல்லை உங்கள் நாயனத்தில் மட்டும்தான் வருகிறதா என்று. கேள்வியின் வெகுளித்தனத்தில் கொட்டகை சிரித்தது, இன்றும் சிரிக்கிறது. அந்தக் கேள்வியை நின்று கேட்டுப் பாருங்கள். படத்தில் எத்தனை பேர் சண்முகசுந்தரத்தின் வாசிப்பைப் புகழ்கிறார்கள்! ஜமீன்தாரர்கள், மகாராஜா, சபைகள். அவர்களில் யாரும் இதைவிட உயர்வாகப் புகழவில்லை. ராகம் தாளம் படிக்காத ஒருத்தி, வித்தை வாத்தியத்தில் இருக்கிறதா வாசிக்கிறவனிடம் இருக்கிறதா என்று கேட்டுவிடுகிறாள். கேட்கும்போது மனோரமாவின் முகத்தில் கிண்டல் துளியும் இல்லை. மெய்யாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படும் முகம். ஊர் ஊராகக் கொட்டகை போட்டு நடித்த ஒரு பெண், அதே வாழ்க்கை வாழும் ஒரு பெண்ணை நடிக்கிறார். அந்தப் பள்ளத்தூர் பாப்பா அங்கே கண்ணுக்குத் தெரிகிறாள்.

அப்பா ஏன் இதை நடித்துக் காட்டவில்லை? அத்தை ஏன் இதைச் சொல்லி வாதாடவில்லை? காரணம் ரசிகர்களிடம் மட்டும் இல்லை, படம் எடுத்தவர்களிடமும் இருக்கிறது. நாகேஷுக்கு பாலசந்தர் கிடைத்தார். அவர் கதையில் 1964-இல் 'சர்வர் சுந்தரம்', மறு வருடம் அவரே இயக்கிய முதல் படமான 'நீர்க்குமிழி', 1968-இல் மாடிப்படி மாதுவாக 'எதிர்நீச்சல்'. ஹோட்டலில் தட்டு தூக்கிய சுந்தரம் பெரிய நடிகனான பிறகும் தோற்றுப்போகிறான் என்று ஒரு முழுப் படத்தையே அந்த ஒல்லி உடம்பின் மேல் நம்பி ஏற்றினார்கள். மனோரமாவுக்கு 1963-இல் மாடர்ன் தியேட்டர்ஸின் 'கொஞ்சும் குமரி'யில் கதாநாயகி வேடம் கிடைத்தது. அதன் பிறகு அவரை நடுவில் நிறுத்தித் தொடர்ந்து எழுத ஒரு பாலசந்தர் வரவில்லை. அவருக்குக் கிடைத்ததெல்லாம் பத்து நிமிடம், பதினைந்து நிமிடம். அந்தத் துண்டுகளைச் சேர்த்துத்தான் ஆயிரம் ஆனது. நாகேஷின் உச்சக் காட்சி மனோரமாவின் உச்சக் காட்சியைவிட ஒரு படி மேலே நிற்கிறது என்று யாராவது சொன்னால் நான் மறுக்கமாட்டேன். அந்த ஒரு படி எழுத்தாளர்கள் போட்டுக் கொடுத்த படி என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இனி விருதுகள். ரசிகர்கள் மனம் கொதித்துப் பேசும் இடம் இது. தருமிக்கு ஏன் தேசிய விருது கொடுக்கவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. 1965-இல் அப்படி ஒரு விருதே கிடையாது. நடிப்புக்கான தேசிய விருது 1967-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் தொடங்கியது. உத்தம் குமாரும் நர்கிஸும் முதலில் பெற்றார்கள். 'சர்வர் சுந்தர'மும் 'திருவிளையாட'லும் அந்தக் கதவு வைப்பதற்கு முன்பே கடந்து போய்விட்டன. 'தில்லானா மோகனாம்பாள்' வந்த ஆண்டில் கதவு இருந்தது. படத்துக்கு சிறந்த தமிழ்ப் படம் என்ற விருதும், வண்ண ஒளிப்பதிவுக்கான விருதும் கிடைத்தன. சிறந்த நடிகை விருது அந்த ஆண்டு மலையாள 'துலாபாரம்' சாரதாவுக்குப் போனது, நியாயமாகவே. ஆனால் ரமாமணியும் வைத்தியும் எந்த வரிசையில் போய் நிற்பது? கதாநாயகன், கதாநாயகி என்று இரண்டு நாற்காலிதான் போட்டிருந்தார்கள். துணை நடிப்புக்குத் தனி விருது வந்தது 1984-ஆம் ஆண்டுப் படங்களுக்குத்தான். அதற்குள் இருவருடைய பொற்காலமும் முடிந்து பதினைந்து வருடம் ஆகியிருந்தது.

நாற்காலி போட்ட பிறகு இருவரும் வந்து உட்கார்ந்தார்கள். மனோரமா 1989-இல், பார்த்திபன் முதன்முதலாக இயக்கிய 'புதிய பாதை'க்காக. அப்போது வயது ஐம்பத்திரண்டு. நாகேஷ் 1994-இல், சேதுமாதவன் இயக்கிய 'நம்மவர்' படத்துக்காக. வயது அறுபத்தொன்று. எந்த ரசிகரை எழுப்பிக் கேட்டாலும் இவர்களின் சிறந்த வேடம் என்று இந்த இரண்டையும் முதலில் சொல்லமாட்டார். தருமி, மாது, ரமாமணி, 'சம்சாரம் அது மின்சாரம்' கண்ணம்மா என்றுதான் வாயில் வரும். விருதுப் பட்டியலும் ரசிகர் பட்டியலும் ஒரு வரியிலும் சந்திக்கவில்லை. சிரிக்கவைப்பவரின் வேலையை வேலையாகவே பார்க்காத பழக்கம் இதில் இருக்கிறது. சிரித்தவர் எழுந்து போய்விடுகிறார். அழுதவர்தான் நடிகரின் பெயரைக் கேட்டுக்கொண்டு போகிறார்.

ஆனாலும் 'நம்மவர்' நாகேஷைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. மகளின் சாவைப் பார்த்துவிட்ட தகப்பனாக, அழுகை எது சிரிப்பு எது என்று பிரிக்கமுடியாத ஒரு நிலைக்கு அவர் போகிறார். அதே 1994-இல்தான் 'மகளிர் மட்டும்' வந்தது. அதில் நாகேஷ் பிணம். வசனம் இல்லை, இமைகூட அசையவில்லை, தியேட்டர் சிரித்துச் சிரித்து ஓய்ந்தது. ஒரே வருடத்தில் தானே பிணமாகக் கிடந்து சிரிக்கவைத்தார்; பிணத்தின் முன் நின்று கலங்கவைத்தார். உடம்பை வாத்தியமாக வைத்திருந்தவர் அந்த வாத்தியத்தை ஒன்றில் முற்றிலும் நிறுத்தினார், இன்னொன்றில் நரம்பு அறுகிறவரை முறுக்கினார். விருது ஒன்றுக்குத்தான் வந்தது. நான் இரண்டுக்கும் சேர்த்தே எழுதிக்கொள்கிறேன்.

மனோரமாவுக்கும் அப்படி ஒரு வருடம் உண்டு. 'புதிய பாதை' வந்த 1989-லேயே 'அபூர்வ சகோதரர்க'ளும் வந்தது. இருவரும் அதில் இருக்கிறார்கள், மறுபடியும் ஜோடியில்லாமல். நாகேஷ் ஈரமே இல்லாத வில்லன் தர்மராஜ். மனோரமா, மெக்கானிக் ராஜாவை வளர்த்து ஆளாக்கிய முனியம்மா. அறுபதுகளில் டூயட் பாடிக் கூட்டத்தைச் சிரிக்கவைத்த இரண்டு பேர், இருபது வருடம் கழித்துக் கதையின் எதிரெதிர்க் கரைகளில் நின்றார்கள். பார்த்தவர் யாரும் பழைய ஜோடியை நினைத்துச் சிரிக்கவில்லை. மறு வருடமே 'நடிக'னில், கிழவன் வேடம் போட்ட சத்யராஜ் மேல் காதல் கொண்டு வெட்கப்படும் பேபி அம்மாவாக மனோரமா கலக்கினார். தாய் வேடத்துக்கு வந்த பிறகும் நகைச்சுவையைக் கைவிடாமல் இரண்டையும் ஒருசேர நடத்திக் காட்டியது அவர் மட்டும் செய்த காரியம். நாகேஷின் பாதையில் எழுபதுகளுக்குப் பிறகு ஒரு பள்ளம் விழுந்தது. கமல்ஹாசன் படங்கள் அவரை மீண்டும் நடுக்கூடத்துக்கு அழைத்து வந்தன. மனோரமாவின் பாதையில் பள்ளமே இல்லை. பள்ளம் இல்லாததாலேயே 'மீண்டு வந்தார்' என்று கொண்டாடும் சந்தர்ப்பமும் அவருக்கு வாய்க்கவில்லை.

அரசு மரியாதையில் கணக்கு தலைகீழ். மனோரமாவுக்கு 2002-இல் பத்மஸ்ரீ வந்தது. நாகேஷ் 2009 ஜனவரி 31-ஆம் தேதி இறந்தபோது அவர் பெயருக்கு முன்னால் எந்தப் பத்ம விருதும் இல்லை. இந்த ஆற்றாமையை அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். நானும் சொல்கிறேன்: அது நாட்டுக்குக் குறை. 2015 அக்டோபர் 10-ஆம் தேதி ஆச்சி மனோரமா போன இரவு, அத்தை டிவி முன்னால் நகராமல் உட்கார்ந்திருந்தார். செய்தி வாசித்தவர்களும் ஆயிரம் படம் என்றுதான் சொன்னார்கள். அத்தை அன்றைக்கு அந்த எண்ணைச் சொல்லவே இல்லை. "அந்த நாயனக்காரன்கிட்ட ஒரு கேள்வி கேப்பா பாரு" என்று மட்டும் சொன்னார்.

அப்பாவைப்போல நீங்களும் தருமியை நடித்துக் காட்டுகிறவராக இருக்கலாம். ஒருநாள் 'தில்லானா மோகனாம்பா'ளைப் போட்டு, ரமாமணி அந்தச் சந்தேகத்தைக் கேட்கும் இடத்தில் சிரித்து முடித்த பிறகு, பின்னால் ஓட்டி இன்னொரு முறை பாருங்கள். இரண்டாம் முறை அவர் முகத்தை மட்டும் பாருங்கள்.