மாதவியின் கல்வியும் மாலையின் விலையும்

தேனி மாவட்டக் கூடலூருக்கு மேலே, தமிழக கேரள எல்லையில் உயர்ந்து நிற்கும் மங்கலதேவி மலையிலே சிதைந்த கற்கோயில் ஒன்று உண்டு. சித்திரை முழுமதி நாளில் மட்டும் கம்பம் பள்ளத்தாக்கின் மக்கள் அங்கு ஏறிச் சென்று கண்ணகியை வழிபடுகின்றனர். மதுரையை நீத்த கண்ணகி வையைக் கரை வழியே சென்று மலையேறினாள் எனச் சிலம்பு கூறும். அதனை ஒட்டி ஆய்ந்த பேராசிரியர் சி. கோவிந்தராசனார், இக்கோயிலே கண்ணகி கோட்டம் என 1963இல் அறிவித்தார். அம்முடிபை உடன்படாதாரும் உளர். அவ்வாராய்ச்சி ஈண்டு நம் நோக்கமன்று. அக்கண்ணகியின் பெயரைச் சொல்லித் தன் மகளைக் காத்துக்கொண்ட மற்றொருத்தியைப் பற்றியே கூற விழைகின்றோம்.

நாடகக் கணிகை ஒருத்தி பெற்ற கல்வியைச் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை விரிவாக உரைக்கின்றது. மாதவி ஐந்தாம் ஆண்டில் தொடங்கி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் ஆண்டில் அரங்கேறினாள். ஆடலாசான், இசையாசான், புலவன், தண்ணுமை முதல்வன், குழலோன், யாழாசிரியன் ஆகியோரின் தகுதிகளைத் தனித்தனியே வகுத்துரைக்கும் இளங்கோவடிகள், அரங்கின் அளவையும் விடாது கூறுகின்றார்: அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல். மணிமேகலையோ இப்பாடத்திட்டத்தை மேலும் நீட்டுகின்றது. கூத்தும் பாட்டுமேயன்றி, ஓவியம், பூத்தொடுத்தல், சமையல் நூல், உரையாடும் திறம், காலக் கணிதம் முதலியனவும் அதன்கண் அடங்கும். அக்காலத்தே ஒரு பெண்ணுக்கு இத்துணைக் கல்வி வேறு எவ்வழியிற் கிட்டியிருக்கும் என்பது எண்ணத்தக்கது.

ஆயின் அக்கல்விக்கு ஒரு விலை இருந்தது. அரங்கேறிய மாதவிக்கு மன்னன் தலைக்கோற் பட்டமும், மாலையும், ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் அளித்தான். பின்னர் அம்மாலையை ஒரு கூனி நகர நம்பியர் திரியும் தெருவில் ஏந்தி நின்று, இதனை வாங்குவோன் மாதவிக்கு மணமகனாவான் என விலை கூறினாள். அவ்விலையும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சே. கலைக்கு அரசன் தந்த மதிப்பும், பெண்ணுக்குத் தெருவிற் கூறப்பட்ட விலையும் ஒரே தொகையாயின. அடிகள் இதனை விளக்கினாரல்லர். எண்ணை மட்டும் இருமுறை கூறினார். இவ்வொப்புமை தற்செயலானது என்று கொள்ள எம்மால் இயலவில்லை.

கோவலன் இறந்தபின், இத்துணைக் கற்றவள் தவம் பூணுதல் நாணத்தக்கது என ஊர் தூற்றிற்று. வயந்தமாலை அவ்வலரைக் கொண்டுவந்தபோது மாதவி, மணிமேகலை கண்ணகியின் மகள். அவள் இத்தொழிற்கு வாராள் என மறுத்துரைத்தாள். ஈன்றவள் தானாயிருந்தும் தன் மகளை வேறொருத்தியின் மகளாக்கினாலன்றி அவளை மீட்க வழியில்லை எனக் கண்டாள். தொழிலை விலக்குவதற்குக் கலையையும் உடன் விலக்கவேண்டியதாயிற்று.

இச்சிக்கல் அண்மைக் காலம்வரை நீடித்தது. தேவதாசி மரபில் வந்த தாய்க்குப் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்திலே போராடினார். அம்மரபிலேயே வளர்ந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார், ‘தாசிகள் மோசவலை’ என்னும் நாவலை 1936இல் வெளியிட்டார். பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டுதல் 1947இல் சட்டத்தால் தடுக்கப்பட்டது. பெண்ணுக்கு விலை கூறும் வழக்கத்தைச் சட்டம் தாக்கியது நன்றே. ஆயினும் அக்கலையைக் காத்த குடும்பத்தார் அரங்கினின்று ஒதுங்க, பிறர் அவ்விடத்தைப் பெற்றனர் என்பதையும் மறைத்தல் முறையன்று.

ஒதுங்காது நின்றவர் த. பாலசரசுவதி (1918–1984). வீணை தனம்மாளின் பெயர்த்தியாகிய இவர், கந்தப்ப பிள்ளையிடம் கடும் பயிற்சி பெற்று, ஏழாம் வயதில் காஞ்சிபுரத்தில் அரங்கேறினார். மாதவிக்கு ஐந்தாண்டு முன்னதாகவே எனலாம்! சிருங்காரத்தைக் களைந்தே பரதத்தைத் தூய்மை செய்யவேண்டும் என்றாரோடு அவர் உடன்பட்டிலர். சென்னை மியூசிக் அகாதெமி 1973இல் அவருக்குச் சங்கீத கலாநிதிப் பட்டம் அளித்தது. விலை கூறும் தெரு இல்லாத காலத்தில், அவர் தம் மகள் இலட்சுமிக்கு அக்கலையைத் தாமே கற்பித்து அரங்கில் ஏற்றினார்.