ஒரு மணி நேர வாடகை

ஒரு மணி நேரம். சரியாக அறுபது நிமிடம். கட்டணம் 1500 அமெரிக்க டாலர். விமான டிக்கெட், ஓட்டல், சாப்பாடெல்லாம் தனி.

அப்படி என்னதான் காட்டுவார்கள்?

கொரில்லா.

சிரிக்காதீர்கள். கழுத்தில் ஒரு கேமரா, தோளில் ஒரு கேமரா என்று மாட்டிக்கொண்டு உலகத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். வந்துதான் ஆகவேண்டும். இது மலை கொரில்லா. எந்த ஊர் மிருகக்காட்சி சாலையிலும் இந்த வகை கிடையாது. அங்கே கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பவை எல்லாம் சமவெளிக் கொரில்லாக்கள். மலை கொரில்லாவைப் பார்க்க வேண்டுமா? ருவாண்டா, உகாண்டா, காங்கோ. இந்த மூன்று நாடுகளில் ஒன்றுக்குப் பெட்டி கட்டுங்கள்.

ருவாண்டாவை எடுத்துக்கொள்வோம். நாட்டின் வடமேற்கில் எரிமலைகள் தேசியப் பூங்கா. காலை ஏழு மணிக்கு கினிகி என்ற இடத்தில் ஆஜராகிவிட வேண்டும். எட்டு எட்டுப் பேராகப் பிரிப்பார்கள். எட்டுப் பேருக்கு ஒரு கொரில்லாக் குடும்பம். அன்றைக்கு அந்தக் குடும்பத்துக்கு வேறு விருந்தாளி கிடையாது. சளி, இருமல் இருக்கிறதா? மன்னிக்கவும், திரும்பிப் போய்விடுங்கள். அதன் மரபணுவும் நம்முடையதும் கிட்டத்தட்ட 98 சதவிகிதம் ஒன்று. நமக்குச் சாதாரண ஜலதோஷம், அதற்கு எமன்.

உருளைக்கிழங்கு வயல்களின் வரப்பு வழியே நடை ஆரம்பிக்கும். திடீரென்று குறுக்கே ஒரு கல் சுவர். இந்தப் பக்கம் வயல், அந்தப் பக்கம் காடு. நடுவில் வேறு ஒன்றும் இல்லை. இந்தச் சுவரைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

சுவரைத் தாண்டினால் மூங்கில், சேறு, கையைக் கிழிக்கும் முட்செடி. விடியற்காலையிலேயே காட்டுக்குள் போய்விட்ட ஆட்கள், முந்தின ராத்திரி கொரில்லாக்கள் தூங்கிய இலைப் படுக்கையிலிருந்து தடம் பிடித்து, இருக்குமிடத்தை வயர்லெஸ்ஸில் சொல்வார்கள். ஒரு மணி நேரத்தில் போய்ச் சேரலாம். ஐந்து மணி நேரமும் ஆகலாம். கிட்டே போனதும் வழிகாட்டி தொண்டைக்குள்ளிருந்து 'ம்ம்ம்... ம்ம்' என்று ஒரு சத்தம் எழுப்புவார். கொரில்லா பாஷை. 'ஒன்றுமில்லை, நாங்கள்தான்' என்று அர்த்தம்.

இலையை விலக்கினால், எதிரே இருநூறு கிலோ சாவகாசமாக உட்கார்ந்து மூங்கில் குருத்து தின்றுகொண்டிருக்கும். முதுகில் வெள்ளி போர்த்தின மாதிரி நரைத்த ரோமம். குடும்பத் தலைவர். ஆங்கிலத்தில் சில்வர்பேக் என்பார்கள். கறுப்பு மிருகம், இருட்டுக் காடு. கேமராவின் மீட்டர் ஏமாந்துபோய்ப் படத்தை வெளிறடிக்கும். ஃபிளாஷ் போடக் கூடாது. ஏழு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது பழைய விதி. கொரோனாவுக்குப் பிறகு பத்து மீட்டர் என்றார்கள். குட்டிகளுக்கு இந்த விதியெல்லாம் யார் சொல்வது? அதுபாட்டுக்கு வந்து உங்கள் ஷூ லேஸைப் பிடித்து இழுக்கும்.

அறுபதாவது நிமிடம் வழிகாட்டி கையைக் காட்டுவார். அவ்வளவுதான், கிளம்ப வேண்டும்.

சரி, இந்த ஒரு மணி நேரம் எப்படி வந்தது? அதற்குக் கிட்டத்தட்ட நூற்றிருபது வருடம் பின்னால் போக வேண்டும். அப்போதும் ஒருவர் இதே மலையில் ஏறினார். அவர் கையில் இருந்தது கேமரா இல்லை.

1902, அக்டோபர் மாதம். இந்தப் பிரதேசம் ஜெர்மானியர்கள் கையில் இருந்தது. ராபர்ட் ஃபான் பெரிங்கே என்ற ராணுவ கேப்டன், சபின்யோ எரிமலையில் ஏறிக்கொண்டிருந்தார். மேலே பெரிய பெரிய கறுப்பு உருவங்கள். டுமீல், டுமீல். இரண்டு விழுந்தன, நேராகப் பள்ளத்தாக்குக்குள். கயிறு கட்டி, ஐந்து மணி நேரம் போராடி ஒன்றை மட்டும் மேலே இழுத்தார்கள். உடல் பெர்லினுக்குப் போனது. அருங்காட்சியக நிபுணர் பால் மாட்ஷி பார்த்துவிட்டு, இது புது வகை என்று 1903-ல் அறிவித்தார்.

உள்ளூர்க்காரர்களுக்குக் காலம் காலமாகத் தெரிந்த மிருகம்தான். ஆனால் வெள்ளைக்காரர் சுட்டால்தானே கண்டுபிடிப்பு! பெயர் வைக்க வேண்டுமே, என்ன வைத்தார்கள் தெரியுமா? கொரில்லா பெரிங்கெய். சுட்டவர் பெயரையே சுடப்பட்டதன் தலையில் கட்டிவிட்டார்கள். இன்றைக்கும் அறிவியல் புத்தகங்களில் அதுதான் பெயர்.

அப்புறம் என்ன? ஆளாளுக்குத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். பெரிய அருங்காட்சியகங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு மலை கொரில்லா தேவைப்பட்டது. ஸ்வீடன் இளவரசர் வில்லியம் 1921-ல் வந்தார். அவர் குழு சுட்டது மட்டும் பதினான்கு.

அதே 1921. நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திலிருந்து கார்ல் ஏக்லி வந்தார். செத்த மிருகங்களைப் பதப்படுத்தி, உயிரோடு நிற்பது போலவே செய்துவைப்பதில் மன்னன். ஒருமுறை சிறுத்தையை வெறும் கையாலேயே கொன்றவர். இன்னொரு விஷயமும் உண்டு. காட்டில் தூக்கிக்கொண்டு திரிய வசதியாக ஒரு சினிமா கேமராவையே கண்டுபிடித்து வைத்திருந்தார்.

ஆக, மனிதரிடம் துப்பாக்கியும் இருந்தது, கேமராவும் இருந்தது. இரண்டையும் பயன்படுத்தினார். ஐந்து கொரில்லாக்களின் உடல்கள் சேர்ந்தன. காட்டில் வாழும் கொரில்லாக்களின் முதல் சினிமாப் படமும் அதே பயணத்தில்தான் எடுக்கப்பட்டது. என்ன ஆயிற்றோ, செத்துக்கிடந்த கொரில்லாவின் முகம் அவரை விடவில்லை. கொலை செய்துவிட்ட உணர்வைத் தள்ளிவைக்கப் பெரும்பாடு பட்டதாகப் பின்னால் ஒப்புக்கொண்டு எழுதினார். உலகமோ கொரில்லாவை அரக்கன் என்றே நம்பிக்கொண்டிருந்தது. ஏக்லி இல்லை என்றார். சீண்டாத வரை அது பரம சாது.

மலையின் ஒரு பகுதி அப்போது பெல்ஜியத்தின் வசம். மன்னர் முதலாம் ஆல்பர்ட்டிடம் மன்றாடினார் ஏக்லி. 1925-ல் மன்னர் பெயரிலேயே பூங்கா உருவானது. ஆப்பிரிக்காவின் முதல் தேசியப் பூங்கா. சேகரிப்பதற்காகச் சுட்டவரே காப்பதற்காகப் பிச்சையெடுத்திருக்கிறார், பாருங்கள். 1926-ல் மறுபடி வந்தார். மிக்கேனோ மலைச் சரிவில் நோய் கண்டு இறந்தார். அங்கேயே புதைத்தார்கள். அவர் சுட்ட கொரில்லாக்கள் இன்றும் நியூயார்க்கில் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கின்றன.

பூங்கா வந்துவிட்டது, கொரில்லா பிழைத்தது, சுபம் என்று முடித்துவிடலாமா? ம்ஹூம்.

1959-ல் ஜார்ஜ் ஷாலர் என்ற இளம் ஆராய்ச்சியாளர் வந்து, துப்பாக்கியில்லாமல் கொரில்லாக்கள் பார்க்கும்படி பேசாமல் உட்கார்ந்தார். அவையும் பழகிவிட்டன. எரிமலைப் பகுதியில் சுமார் 450 இருக்கலாம் என்று கணக்கிட்டார். 1967-ல் டயான் ஃபாஸி வந்தார். கரிசிம்பி, விசோக்கே என்ற இரண்டு எரிமலைகளுக்கு நடுவே கூடாரம் போட்டு, இரண்டு பெயரையும் ஒட்டி கரிசோக்கே என்று பெயரும் வைத்தார். இலையைத் தின்றார், கொரில்லா மாதிரியே முனகினார். 1970 ஜனவரியில் நேஷனல் ஜியாக்ரஃபிக் இதழின் அட்டையில் கொரில்லாக் குட்டிகளோடு அவர் படம் வந்தது. எடுத்தவர் பாப் காம்ப்பெல். அரக்கன் என்ற பழைய கதை அந்தப் படங்களில்தான் உடைந்தது.

உலகம் நெகிழ்ந்துகொண்டிருந்த அதே நேரத்தில், அந்தக் கல் சுவர் நகர்ந்துகொண்டிருந்தது. ஆமாம், உள்பக்கமாக!

1969 வாக்கில் ருவாண்டா பூங்காவிலிருந்து சுமார் பத்தாயிரம் ஹெக்டேர் வெட்டி எடுக்கப்பட்டது. எதற்கு? பைரித்ரம் என்ற பூச்செடி வளர்க்க. ஐரோப்பாவுக்குப் பூச்சிமருந்து வேண்டியிருந்தது. எழுபதுகளின் இறுதியில், இன்னும் ஐயாயிரம் ஹெக்டேரை மாட்டுப் பண்ணைக்குக் கொடுக்கலாம் என்று திட்டம் தயாரானது. அரசாங்கத்தைத் திட்டி என்ன பிரயோஜனம்? சின்ன நாடு, நெருக்கியடிக்கும் ஜனம். குழந்தைக்குச் சோறா, குரங்குக்குக் காடா என்று கேட்டால் யார் என்ன பதில் சொல்வார்கள்?

காட்டுக்குள்ளே மான் பிடிக்க வைத்த சுருக்குக் கண்ணிகளில் கொரில்லாக்கள் சிக்கின. கோப்பைக்கும் மண்டை ஓட்டுக்கும் ஆசைப்பட்டு வெளிநாட்டுக்காரர்கள் காசு கொடுத்தார்கள். 1977-ன் கடைசி நாளன்று, ஃபாஸியின் செல்லமான டிஜிட், தன் குடும்பத்தைக் காக்க வேட்டைக்காரர்களை எதிர்த்து நின்றது. ஈட்டியால் குத்திக் கொன்று தலையையும் கைகளையும் வெட்டிக்கொண்டு போனார்கள். ஃபாஸி அதன்பிறகு வேறு ஆளாகிவிட்டார். கண்ணிகளை அறுத்தார், வேட்டைக்காரர்களைப் பிடித்து அடித்தார். 1985 டிசம்பர் 26-ம் தேதி இரவு, அவருடைய குடிசையிலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். டிஜிட்டின் பக்கத்தில்தான் அவரையும் புதைத்தார்கள்.

1981-ல் எரிமலைப் பகுதியில் எண்ணிப் பார்த்தபோது மிச்சம் இருந்தவை 254.

அதற்குள் வேறு இருவர் வேறு கணக்குப் போட்டிருந்தார்கள். பில் வெபர், ஏமி வெடர் என்ற அமெரிக்கத் தம்பதி. அரசாங்கத்திடம் பாசத்தைப் பேசி என்ன ஆகப்போகிறது? பணத்தைப் பேசினார்கள். மாடு மேய்த்தால் இவ்வளவுதான் வரும். கொரில்லாவைக் காட்டிக் கட்டணம் வாங்கினால் அதைவிட அதிகம் வரும். 1979-ல் திட்டம் தொடங்கியது. சின்னக் குழு, ஒரு மணி நேரம், கறார் விதிகள். ஃபாஸிக்குத் துளியும் பிடிக்கவில்லை. வேடிக்கை பார்க்க ஆளைக் கூட்டி வருவதா என்று கொதித்தார். ஆனால் மாட்டுப் பண்ணைத் திட்டம் கைவிடப்பட்டது. சுவர் நின்றது.

அன்றிலிருந்து கொரில்லா, தான் குடியிருக்கும் காட்டுக்குத் தானே வாடகை கட்டுகிறது. நாம் கொடுக்கிற 1500 டாலர் அந்த வாடகைதான். 2017 வரை 750-ஆக இருந்ததை ஒரே நாளில் இரட்டிப்பாக்கினார்கள். பூங்கா வருமானத்தில் பத்து சதவிகிதம் சுற்றுப்புற கிராமங்களுக்கு. பள்ளிக்கூடம், குடிநீர் என்று போகிறது. பழைய வேட்டைக்காரர்கள் சிலர் இன்று கேமராப் பையைச் சுமக்கும் கூலிக்காரர்கள்.

பலன்? 1994-ன் இனப்படுகொலை, காங்கோவின் உள்நாட்டு யுத்தங்கள் எல்லாவற்றையும் தாண்டி, 2015-16 கணக்கெடுப்பில் எரிமலைப் பகுதியில் 604 கொரில்லாக்கள். உகாண்டாவின் ப்விண்டி காட்டையும் சேர்த்தால் ஆயிரத்துக்கு மேல். 2018-ல் மலை கொரில்லா, அழிவின் விளிம்பு என்ற பட்டியலிலிருந்து ஒரு படி மேலே ஏறியது. மனிதக் குரங்கு வகைகளில் எண்ணிக்கை கூடிக்கொண்டு போவது இது ஒன்றுதான்.

கைதட்டலாம். தட்டுவதற்கு முன்னால் பில்லை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுவோம். வாடகையைக் கொரில்லா மட்டும் கட்டவில்லை.

1999 மார்ச் 1. ப்விண்டி முகாமில் தூங்கிக்கொண்டிருந்த பயணிகளை ருவாண்டாவிலிருந்து ஓடிவந்த ஆயுதக் கும்பல் பிடித்துக்கொண்டு போய், எட்டுப் பேரைக் கொன்றது. காங்கோவின் விருங்கா பூங்காவில் இதுவரை உயிரைவிட்ட காவலர்கள் இருநூறுக்கும் மேல். 2007-ல் அங்கே சுட்டுக் கொல்லப்பட்ட செங்க்வெக்வே என்ற சில்வர்பேக்கை, ஊர்க்காரர்கள் கட்டிலில் கட்டித் தோளில் சுமந்து வருகிற பிரெண்ட் ஸ்டிர்ட்டனின் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஊரே ஒரு பெரியவரைச் சுமந்து வருவது போலிருக்கும்.

யாரும் படம் எடுக்காத இன்னொரு கணக்கும் உண்டு. 1991-ல் ப்விண்டி தேசியப் பூங்காவானதும், அந்தக் காட்டிலேயே தலைமுறை தலைமுறையாகத் தேனெடுத்து, வேட்டையாடி வாழ்ந்த பாத்வா மக்களை வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். நிலமும் இல்லை, நஷ்ட ஈடும் இல்லை. கொரில்லாவை அழித்தவர்கள் அவர்கள் இல்லை. ஆனாலும் சுவருக்கு வெளியே நிற்பவர்கள் அவர்கள்தான். இன்றைக்குச் சுற்றுலாப் பயணிகளுக்கு, 'நாங்கள் இப்படித்தான் நெருப்புக் கடைந்தோம், இப்படித்தான் வில் விட்டோம்' என்று நடித்துக் காட்டி நாலு காசு பார்க்கிறார்கள். சொந்த வீட்டுக்குள் வேடிக்கைப் பொருளாக நுழைவது எப்படி இருக்கும்?

பணத்தால் கட்டிய பாதுகாப்பு, பணம் நின்றால் என்னாகும்? அதையும் காலம் காட்டியது. 2020-ல் கொரோனா. விமானங்கள் நின்றன. ஜூன் மாதம் ப்விண்டியில் ராஃபிகி என்ற புகழ்பெற்ற சில்வர்பேக் ஈட்டிக் காயத்தோடு செத்துக்கிடந்தது. சின்ன மிருகம் வேட்டையாடப் போனேன், தாக்க வந்தது, குத்திவிட்டேன் என்றார் பிடிபட்டவர். பதினோரு வருட சிறை.

இப்போது ருவாண்டா அரசு சுவரை மறுபடி நகர்த்தப்போவதாக அறிவித்திருக்கிறது. இந்த முறை வெளிப்பக்கமாக. எண்ணிக்கை கூடிவிட்ட கொரில்லாக்களுக்கு இடம் பற்றவில்லை. உருளைக்கிழங்கு வயல்காரர்களுக்கு வேறு இடத்தில் வீடு கட்டித் தருகிறார்கள். ஒரு காலத்தில் பூச்செடிக்காகக் கொரில்லா நகர்ந்தது. இப்போது கொரில்லாவுக்காக மனிதன் நகர்கிறான். அவனுக்குச் சரியான விலை கிடைக்கிறதா என்பதில்தான் இந்தக் கதையின் அடுத்த அத்தியாயம் இருக்கிறது. வயிறு காய்ந்தவன் பக்கத்தில் எந்தக் காடும் ரொம்ப நாள் நிலைத்ததில்லை.

என்றைக்காவது அந்த ஒரு மணி நேரம் உங்களுக்குக் கிடைத்தால், கடைசிப் பத்து நிமிடம் கேமராவைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா பாருங்கள். எதிரே இருப்பவரும் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். நூற்றிருபது வருடத்தில் அவர் பார்த்த எத்தனையாவது மனிதரோ நீங்கள்.

திரும்பி வரும்போது அந்தச் சுவர் மேல் ஏறி இறங்க வேண்டும். இறங்குகிற பக்கம் யார் நின்றுகொண்டிருக்கிறார்கள் என்றும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வாருங்கள்.