விரும்பாமல் வந்த பட்டம்

பட்டம் என்றால் பெருமை என்றே நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். அது விலங்காகவும் அமையலாம் என்பதற்கு இங்கிலாந்தின் ஸ்டான்ஸ்கேட் வைகவுண்ட் பட்டம் சான்று.

1942இல் தொழிற்கட்சியின் வில்லியம் வெட்ஜ்வுட் பென்னுக்கு அளிக்கப்பட்ட பரம்பரைப் பட்டம் அது. மூத்த மகன் 1944இல் விமானப்படைப் பணியில் உயிரிழந்தமையால், 1960இல் தந்தை மறைந்ததும் டோனி பென்னை வந்தடைந்தது. பிரபு ஆனவர் அக்காலத்தில் மக்களவையில் அமர இயலாதிருந்தது. பட்டத்தைத் துறக்க அன்று சட்டமும் இல்லை. 1961 இடைத்தேர்தலில் பிரிஸ்டல் தென்கிழக்குத் தொகுதி மக்கள் அவரையே தேர்ந்தெடுத்தனர். தேர்தல் நீதிமன்றமோ தோற்றவருக்கு இடத்தை அளித்தது.

1963 ஜூலை 31இல் துறக்கும் உரிமை சட்டமானது. அன்றே பென் துறந்தார். ஆகஸ்டில் மீண்டும் வென்றார். ஆயினும் அத்துறவு அவர் ஆயுளுக்கு மட்டுமே. 2014இல் அவர் மறைந்ததும் பட்டம் மகனைச் சேர்ந்தது. வாக்குரிமை பிறப்புரிமையை வென்ற கதையாக இதனைக் கொண்டாடும் நாம், அந்த எல்லையையும் நினைவிற்கொள்ள வேண்டும்.