மைசூர்த் திவானும் உலக வேலைவாய்ப்பு மாநாடும்

பெங்களூரில் வாழும் தமிழரிடம் மைசூர்த் திவான்களைப் பற்றிக் கேட்டால் சேஷாத்திரி ஐயரையும், விசுவேசுவரய்யாவையும், மிர்சா இஸ்மாயிலையும் உடனே சொல்வர். 1946 முதல் 1949 வரை அப்பதவியை வகித்த சர் ஆர்க்காடு இராமசாமி முதலியாரின் பெயர் அத்துணை எளிதில் நாவில் வருவதில்லை. ஆயினும், எல்லா நாடுகளும் ஒன்றுகூடி வேலையின்மையை அகற்ற வேண்டும் என்று உலகம் முதன்முதலாக எடுத்துக்கொண்ட பெருமுயற்சியின் தொடக்கத்தில் தலைமை நாற்காலியில் அமர்ந்திருந்தவர் அவரே. பிழைப்பைத் தேடி ஊர்விட்டு ஊர் வந்த நாம் அவ்வரலாற்றைச் சற்று அறிந்துகொள்வது தகும்.

அம்முயற்சிக்கு ஏன் தேவை நேர்ந்தது? 1929இல் தொடங்கிய பெருமந்தத்தின்போது ஒவ்வொரு நாடும் தன் முற்றத்துக் குப்பையைப் பக்கத்து வீட்டு வாசலில் தள்ளுவதுபோல, தன் வேலையின்மையை அயல்நாட்டின்மேல் தள்ளியது. இறக்குமதி வரியை உயர்த்தியது. நாணய மதிப்பைக் குறைத்தது. அதனால் எவருக்கும் வேலை பெருகவில்லை, வாணிபமே சுருங்கியது. இரப்பரின் விலை வீழ்ந்ததும் மலேயாத் தோட்டங்களில் உழைத்த தமிழர் பெருந்திரளாகக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். பின்னர் கூலிக்குறைப்பை ஒட்டி, உதவி பெற்று மலேயாவுக்குக் குடியேறுவதை 1938இல் இந்திய அரசு தடுத்தது. இலங்கை அரசு தன் பணியிலிருந்த இந்திய நாட்கூலிகளை விலக்க முற்பட்டபோது, 1939இல் அத்தீவுக்குக் கூலியாட்கள் செல்வதற்கும் தடை விதித்தது. ஒவ்வோர் அரசும் தன் மக்களின் நன்மையைக் கருதியே செய்ததாகக் கூறிற்று. இரண்டு அரசுகளுக்கும் இடையே அகப்பட்ட தொழிலாளியின் நன்மையைக் கருத வேண்டியவர் யார் என்பதற்கு மட்டும் விடையில்லை.

1945இல் சான்பிரான்சிஸ்கோவில் ஐக்கிய நாடுகளின் சாசனம் வகுக்கப்பட்டபோது, பொருளாதார சமூக ஒத்துழைப்பை ஆராய்ந்த குழுவுக்கு முதலியார் தலைமை வகித்தார். கர்நூலில் 1887இல் இரட்டையருள் ஒருவராகப் பிறந்தவர் அவர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக நெடுங்காலம் விளங்கிய இலட்சுமணசாமி முதலியாரே மற்றவர். நீதிக்கட்சியின் ஆங்கில ஏட்டை நடத்தியவர். சொல்லின் எடையை அறிந்தவர். அவ்வறிவுக்கு அக்குழுவில் நிரம்ப வேலை இருந்தது. ‘முழு வேலைவாய்ப்பு’ என்ற தொடரைச் சாசனத்தில் பொறிக்க வேண்டும் என்று ஆஸ்திரேலியா வற்புறுத்தியது. அமெரிக்கரோ, உள்நாட்டு விவகாரத்தில் பிறர் தலையிட அது வழிவிடுமோ என்று அஞ்சித் தயங்கினர். முடிவில் தொடர் நிலைத்தது. உள்நாட்டு விவகாரத்தில் தலையிட அதிகாரம் இல்லை என்ற குறிப்பும் உடன் பதிவாயிற்று. ஐம்பத்தைந்தாம் விதியில் இன்றும் அத்தொடரைக் காணலாம். அதற்காகக் கூட்டாகவும் தனியாகவும் செயலாற்ற உறுப்பு நாடுகள் உறுதி கூறுவதாக அடுத்த விதி உரைக்கிறது.

1946 ஜனவரியில் பொருளாதார சமூகக் கவுன்சில் இலண்டனில் முதன்முறை கூடியபோது அதன் முதல் தலைவரும் முதலியாரே. அடுத்த மாதமே, வாணிபம், வேலைவாய்ப்பு ஆகிய இரண்டையும் இணைத்து ஓர் உலக மாநாடு கூட்ட அக்கவுன்சில் தீர்மானித்தது. அவ்வாண்டில்தான் அவர் மைசூருக்குத் திவானாக வந்தார்.

அம்மாநாடு 1947 நவம்பர் முதல் 1948 மார்ச் வரை கியூபாவின் ஹவானா நகரில் நடைபெற்றது. 53 நாடுகள் கையொப்பமிட்டன. நோக்கங்களைக் கூறியவுடன் அச்சாசனம் முதலில் எடுத்துக்கொண்டது வேலைவாய்ப்பையே; சுங்கவரி அதற்குப் பின்னரே வருகிறது. ஒவ்வொரு நாடும் தன் எல்லைக்குள் முழு வேலைவாய்ப்புக்கு முயல வேண்டும், ஆனால் அம்முயற்சி பிற நாட்டாரின் வேலையைப் பறிப்பதாகிவிடக் கூடாது என்பது அதன் சாரம். செல்வ நாடுகளில் இருக்கும் ஆலைகள் உறங்குவதால் வேலை போகிறது, எங்களிடமோ ஆலைகளே இல்லை என்பது வளராத நாடுகளின் வாதம். ஆகவே புதிய தொழில்களைக் காக்கும் உரிமை வேண்டும் என்று இந்தியா முதலிய நாடுகள் போராடி, ஓரளவு பெற்றன.

சாசனம் நடைமுறைக்கு வரவே இல்லை. அமெரிக்கக் காங்கிரசு அதனை ஏற்கவில்லை. மீண்டும் அங்கு முன்வைப்பதில்லை என்று 1950 டிசம்பரில் அந்நாட்டு அரசு அறிவித்தது. எஞ்சியது, இடைக்கால ஏற்பாடாக 1947இல் எழுதப்பட்ட சுங்கவரி வாணிப உடன்பாடு ஒன்றே. இடைக்காலம் என்றது 1995இல் உலக வாணிப அமைப்பு பிறக்கும்வரை நீண்டது! அதில் முழு வேலைவாய்ப்பு முகவுரையில் ஒரு சொல்லாக நின்றது, கடமையாக நிற்கவில்லை. இதனைப் பெரும் இழப்பென்றே நாம் கருதுகிறோம். பின்னர் 1964இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வேலைவாய்ப்புக் கொள்கை பற்றி ஓர் ஒப்பந்தம் வகுத்தது. இந்தியா அதை ஏற்றது 1998இல்.

ஹவானாவில் கேட்ட உரிமையின் பயனைப் பெங்களூரில் கண்ணாரக் கண்டோம். முதலியார் திவானாக இருந்தபோது, 1947இல் கண்டோன்மெண்ட் ஆங்கிலேயரிடமிருந்து மைசூரின் ஆட்சிக்குத் திரும்பியது. 1948இல் தொலைபேசித் தொழிற்சாலை தோன்றியது. 1953இல் சுவிட்சர்லாந்து நிறுவனத்தின் துணையோடு எச்.எம்.டி. அமைந்தது, அதன் கைக்கடிகாரத் தொழிற்சாலைக்கு ஜப்பானியர் துணை புரிந்தனர். தண்டுக்குப் பணிசெய்ய வந்த தமிழர் குடும்பங்களின் பிள்ளைகளுள் பலர் இத்தகைய ஆலைகளில் பிட்டராகவும் டர்னராகவும் நிலைபெற்றனர். 1991க்குப் பின் வரிச்சுவர்கள் தாழ்ந்தன. 2016இல் எச்.எம்.டி.யின் கடிகாரப் பிரிவை மூட முடிவாயிற்று.

உலக உடன்படிக்கை மறைந்த அதே 1950ஆம் ஆண்டின் ஜனவரியில் நம் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. நாடெங்கும் சென்று வாழவும் தொழில் செய்யவும் அது குடிமக்களுக்கு உரிமை தந்தது. அரசுப் பணியில் பிறந்த இடம் பற்றி வேற்றுமை காட்டுவதைத் தடுத்தது. நாடுகளுக்கு இடையே கூடிவராத ஒன்று மாநிலங்களுக்கு இடையே கூடியது எனலாம். ஆயினும் பழைய வினா ஓயவில்லை. தனியார் நிறுவனங்களில் மண்ணின் மக்களுக்கு இடம் ஒதுக்கும் மசோதாவுக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூலையில் இசைவளித்தது. தொழில்துறையினரின் எதிர்ப்புக்குப் பின் சில நாட்களிலேயே அது நிறுத்திவைக்கப்பட்டது. உள்ளூர் இளைஞரின் குறையைப் பொய்யென்று நாம் தள்ளிவிட முடியாது. வேலை குறைவாக இருக்கும் இடத்தில் வந்தவரையே முதலில் எண்ணுகிறார்கள். மலேயாவிலும் இலங்கையிலும் நடந்தது அதுவே.

கோலார் தங்கவயலில் சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டன. அங்குள்ள தமிழர் பலர் விடியுமுன் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்கு வந்து, இரவில் வீடு திரும்புகின்றனர்.